ஒற்றைத் தலைவலியா, வேறு தலைவலியா? ஒரு மாதம் குறித்துப் பாருங்கள்!

ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்கலாம். கடந்த 30 நாட்களில் உங்களுக்கு எத்தனை நாள் தலை வலித்தது? அதில் எத்தனை நாள் மாத்திரை போட்டீங்க?

சட்டென்று பதில் வரவில்லையா? கவலைப்படாதீங்க, பலருக்கும் வராது. என் அம்மாவுக்கும் வரவில்லை. “மாசத்துக்கு நாலஞ்சு தடவை வரும்ப்பா, பித்தம்தான்” என்பார். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமையலை முடிப்பார். தெருமுனைக் கடையில் வாங்கி வைத்த மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

போன வருஷம் ஒரு மாதம் மட்டும், பால் கணக்கு எழுதும் சமையலறைக் காலண்டரிலேயே இன்னும் இரண்டு குறிகள் போடச் சொன்னேன். தலை வலித்தால் ‘த’, மாத்திரை போட்டால் ‘மா’. மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். ‘த’ 18 நாள், ‘மா’ 16 நாள். அம்மா இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். அதே கணக்குதான்.

அந்தக் காலண்டர் தாளைப் பார்த்த அரசு மருத்துவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இது பித்தம் இல்லை, மைக்ரேன். இரண்டு, இப்போது வரும் வலியில் பாதி, மாத்திரையால் வருகிறது.

அன்று நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரே குழப்புகிறது

மைக்ரேனுக்குத் தமிழில் ‘ஒற்றைத் தலைவலி’ என்று பெயர். அதனால், தலையின் ஒரு பக்கம் மட்டும் வலித்தால்தான் மைக்ரேன் என்று நினைத்துக்கொள்கிறோம். பலருக்கு ஒரு பக்கம்தான் வலிக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு பக்கமும் வலிக்கிற மைக்ரேனும் உண்டு. ஒரு தடவை இடப்பக்கம், அடுத்த தடவை வலப்பக்கம் என்று மாறியும் வரும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுவதும்தான் வலிக்கும்.

மைக்ரேன் என்பது மூளையும் முகத்துக்கு வரும் நரம்புகளும் சம்பந்தப்பட்ட ஒரு நோய். குடும்பவழியாக வரக்கூடியது. பருவ வயதுக்குப் பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம். மாதவிடாய் நாட்களை ஒட்டிப் பலருக்கு வருவதற்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்குவது காரணம். ஆகவே “வேலை செய்யச் சோம்பல்பட்டு நடிக்கிறா” என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீங்க.

மூன்று கேள்விகள்

ஒருவருக்கு மைக்ரேன் இருக்கலாமா என்று தெரிந்துகொள்ள மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கேள்விகள் மூன்று. தலைவலி வந்த நாட்களை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்க.

1. தலை வலிக்கும்போது குமட்டல் வருகிறதா?
2. தலை வலிக்கும்போது வெளிச்சம் பிடிக்காமல் போகிறதா? (சாதாரண நாளில் தொந்தரவு தராத வெளிச்சமும் அன்று கண்ணைக் கூசுகிறதா?)
3. கடந்த மூன்று மாதங்களில் ஒரு நாளாவது, தலைவலியால் வேலையோ படிப்போ வீட்டு வேலையோ தடைபட்டதா?

இரண்டு கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

இதோடு இன்னும் சில அடையாளங்கள்: மருந்து எடுக்காவிட்டால் வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். நாடி துடிப்பதுபோல ‘விண் விண்’ என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினாலோ குனிந்து பெருக்கினாலோ அதிகமாகும். சத்தம் தாங்காது. மொத்தத்தில், மைக்ரேன் வந்தவர் இருட்டான அறையைத் தேடி அசையாமல் படுக்கவே விரும்புவார்.

வலிக்கு முன்னும் பின்னும்

மைக்ரேன் வலியோடு தொடங்கி வலியோடு முடிவதில்லை. வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே, அறிகுறி தெரியும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். கழுத்து இறுகும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். இனிப்பு சாப்பிடத் தோன்றும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறோம். “நேத்து சாக்லேட் சாப்பிட்டேன், அதான் தலைவலி” என்கிறோம். உண்மையில், வரப்போகும் தலைவலியே சாக்லேட் சாப்பிடத் தூண்டியிருக்கலாம்.

வேறு சிலருக்கு, வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள், வளைந்து நெளியும் ஒளி, பார்வையின் நடுவே ஒரு மறைப்பு போன்றவை தெரியும். விரல் நுனியில் தொடங்கும் மரமரப்பு மெல்ல மேலேறும். இதற்கு ‘ஆரா’ என்று பெயர். பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். ஆரா வரும் பெண்கள் கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லணும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவர்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

வலி விட்ட மறுநாளும் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். “நேத்தே சரியாயிடுச்சுல்ல, இன்னிக்கு என்ன?” என்று வீட்டில் கேட்காதீங்க. அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

மற்ற தலைவலிகள் எப்படி இருக்கும்?

டென்ஷன் தலைவலி: உலகில் மிகப் பரவலானது இதுதான். தலையைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்கியதுபோல இருபக்கமும் அழுத்தும். தெறிக்காது, வாந்தி வராது, நடந்தால் கூடாது. வலித்துக்கொண்டே இருந்தாலும் வேலையை முடித்துவிட முடியும். அரை மணி நேரத்திலும் போகலாம், ஏழு நாள் வரையும் இருக்கலாம்.

கிளஸ்டர் தலைவலி: அரிது, ஆனால் மிகக் கடுமையானது. எப்போதும் ஒரே பக்கம், ஒரு கண்ணைச் சுற்றிக் குடையும். அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வழியும், மூக்கு ஒழுகும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை இருக்கும். தினமும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார். இவர் படுக்க முடியாமல் அறைக்குள் முன்னும் பின்னும் நடப்பார். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். இதற்கான சிகிச்சை வேறு.

சைனஸ் தலைவலி: “எனக்கு சைனஸ்” என்று சொல்பவர்களில் பலருக்கு இருப்பது மைக்ரேன்தான். மைக்ரேனிலும் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னம் வலிக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். உண்மையான சைனஸ் தொற்று என்றால் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியான சளி வரும், வாசனை தெரியாது, காய்ச்சல் இருக்கலாம். மூக்கில் தெளிவான நீர் மட்டும் வந்து, குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் இருந்தால் ஆவி பிடிப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பி.பி.யால் வரும் தலைவலி: ரத்த அழுத்தம் ஓரளவு கூடினால் பெரும்பாலும் தலை வலிக்காது. தலை வலிக்கவில்லை என்பதற்காக பி.பி. இல்லை என்றும் நினைக்கக் கூடாது. மிக அதிகமாக ஏறும்போது தலைவலி வரலாம், அது அவசர நிலை. ஆகவே தலைவலி இருக்கிறதோ இல்லையோ, பி.பி. பார்ப்பது நல்லது.

காத்திருக்கக் கூடாத தலைவலிகள்

மைக்ரேன் வலியால் படுத்தினாலும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கீழே உள்ளவை அப்படியல்ல. இவற்றில் எது வந்தாலும் குறிப்பெழுதிக்கொண்டு இருக்காதீங்க. உடனே மருத்துவமனைக்குப் போங்க.

• இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் கண்டிராத கடும் வலி
• தலைவலியோடு முகம் கோணுதல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல்
• காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு
• தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, அதிலும் வாந்தியோ மயக்கமோ இருந்தால்
• கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, கடும் தலைவலி, பார்வை மங்கல்
• கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல்

50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலும், இருமும்போதும் முக்கும்போதும் மட்டும் வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டணும்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கும். “எப்பவும் வர்ற ஆராதான்” என்று நாமே முடிவு செய்து அந்த நேரத்தை இழந்துவிடக் கூடாது. கை மரத்துப்போவதோ பேச்சுக் குழறலோ முதல் தடவை வருகிறது என்றால் 108ஐ அழையுங்கள்.

மாத்திரையே தலைவலி ஆகும்போது

அம்மாவின் கதைக்கு வருவோம். ஆரம்பத்தில் அவருக்கு மாதம் நாலு, ஐந்து நாள்தான் வலி இருந்திருக்கும். மாத்திரை போட்டார், கேட்டது. பிறகு ‘வந்துடுமோ’ என்ற பயத்தில் முன்கூட்டியே போட்டார். அடிக்கடி வலிமாத்திரை எடுக்கும்போது, வலியை உணரும் மூளையின் பாதை இன்னும் கூர்மையாகிவிடுகிறது. மாத்திரையின் வேகம் இறங்கியதும் வலி திரும்ப வரும். அதற்கு இன்னொரு மாத்திரை. இந்தச் சுழலுக்கு ‘மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி’ என்று பெயர்.

கணக்கு இதுதான், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்க:

• பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்ற தனி வலிமாத்திரை: மாதம் 15 நாள் அல்லது அதற்கு மேல்
• காஃபின் முதலியவை சேர்ந்த கலப்பு மாத்திரை, டிரிப்டான் வகை, எர்கோட் வகை: மாதம் 10 நாள் அல்லது அதற்கு மேல்

மூன்று மாதங்களுக்கு மேல் இப்படிப் போனால் ஆபத்து வட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று பொருள். எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, மாத்திரை போட்ட நாட்களை. அம்மா போட்டது காஃபின் கலந்த மாத்திரை. எல்லை 10 நாள், அவர் கணக்கு 16.

இது ஒருவருடைய பலவீனமோ தவறோ இல்லை. மருத்துவர் சொல்படி மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு வலி நாட்கள் குறையும். ஆனால் முதல் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம் வரை, வலி கூடத்தான் செய்யும். முன்பே தெரிந்திருந்தால் அதைத் தாண்டிவிடலாம். தெரியாவிட்டால் மூன்றாம் நாளே கடைக்குப் போய்விடுவோம். அம்மாவுக்கு அந்தப் பத்து நாள் வீட்டில் சமையல் நானும் அப்பாவும்தான்.

கைபேசியில் ஒரு மாதக் குறிப்பு

தனிச் செயலி எதுவும் தேவையில்லை. கைபேசியில் உள்ள நோட்ஸ், காலண்டர் அல்லது உங்களுக்கு நீங்களே அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். வலி வந்த நாளில் ஐந்தே விஷயம்:

1. எப்போது தொடங்கி எப்போது விட்டது
2. வலி 10க்கு எத்தனை, எந்தப் பக்கம்
3. கூட வந்தது: குமட்டல், வாந்தி, வெளிச்சக் கூச்சம், கண்ணில் மின்னல்
4. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, கேட்டதா
5. அன்றும் முந்தின நாளும்: சாப்பாடு தவறியதா, தூக்கம் எவ்வளவு, வெயில், பயணம், மாதவிடாய்

ஒரு மாதிரி: “12, செவ்வாய். காலை 11 முதல் இரவு 8 வரை. வலப்பக்கம், 7/10. ஒரு முறை வாந்தி. 11.30க்கு மாத்திரை, பாதி கேட்டது. காலை டிபன் சாப்பிடவில்லை.”

வலிக்கும்போது திரையைப் பார்க்க முடியாது என்றால், வலி விட்ட பிறகு எழுதுங்க, அல்லது குரல் பதிவு செய்யுங்க. வலி வராத நாளில் எதுவும் எழுத வேண்டாம்.

மாதக் கடைசியில் படித்துப் பார்த்தால் உங்களுக்கே சில விஷயங்கள் தெரியவரும். விரதநாள், வெயிலில் அலைந்த நாள், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கிய நாள் என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரலாம். மைக்ரேன் மூளைக்கு மாற்றம் ஆகாது. குறைந்த தூக்கம் போலவே அதிகத் தூக்கமும் தூண்டும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், போதுமான தண்ணீர், அளவான காபி ஆகியவற்றை மாற்றாமல் கடைப்பிடிப்பதே பாதி வைத்தியம். அதற்காக ஊரில் உள்ள உணவையெல்லாம் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. உங்கள் குறிப்பில் இரண்டு, மூன்று முறை வந்ததை மட்டும் கவனித்தால் போதும்.

வலி வந்த அன்று

மருத்துவர் சொன்ன மாத்திரையை, சொன்ன அளவில், வலி தொடங்கும்போதே எடுத்துவிடணும். “தாங்க முடியாதப்போ போட்டுக்கலாம்” என்று காத்திருந்தால், அதற்குள் வயிற்றின் இயக்கம் மந்தமாகி மாத்திரை சரியாக ஏறாது. வாந்தி அதிகம் உள்ளவர்களுக்கு வாந்திக்கான மருந்தும் சேர்த்துத் தருவார்கள். டிரிப்டான் வகை மாத்திரைகள் மைக்ரேனுக்கென்றே வந்தவை. இதயநோய், பக்கவாதம் இருந்தவர்கள் எடுக்கக் கூடாது என்பதால் சீட்டு இல்லாமல் வாங்காதீங்க.

இன்னொரு எச்சரிக்கை. தலைவலியோடு காய்ச்சலும் இருந்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வகைகளை எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ரத்தப் பரிசோதனை முடியும்வரை அவற்றைத் தொடாதீங்க.

தடுப்பு மருந்தைப் பாதியில் விடாதீர்கள்

மாதம் நான்கு நாளுக்கு மேல் மைக்ரேன் வந்து வேலையைக் கெடுத்தால், தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தை மருத்துவர் பரிந்துரைக்கலாம். இங்கே நம் கைபேசியே ஒரு சிக்கலைக் கொண்டுவரும். மருந்தின் பெயரைத் தேடிப் பார்ப்போம். ப்ரொப்ரனலால் என்று தேடினால் ‘ரத்த அழுத்த மருந்து’ என்று வரும். “எனக்கு பி.பி. இல்லையே!” அமிட்ரிப்டிலின் என்று தேடினால் ‘மனச்சோர்வு மருந்து’ என்று வரும். “டாக்டர் என்னை மனநோயாளின்னு நினைச்சிட்டாரா?” உடனே மாத்திரையை நிறுத்திவிடுவோம். என் அம்மாவும் இரண்டாம் வாரம் அதைத்தான் செய்யப்பார்த்தார்.

ஒரே மருந்து பல நோய்களுக்குப் பயன்படும். ப்ரொப்ரனலால், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மைக்ரேன் தடுப்பு என்ற தலைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஆஸ்துமா இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்க. அதற்கேற்ப மருந்து மாறும்.

“ஸ்கேன் எடுக்கலையே” என்றும் சிலருக்குக் குறை. மைக்ரேன் ஸ்கேனில் தெரியும் நோய் அல்ல. நீங்கள் சொல்லும் விவரமும் மருத்துவரின் பரிசோதனையும்தான் அதைக் காட்டும். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் அவரே எடுக்கச் சொல்வார்.

எங்கே போவது?

• முதலில், உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது நகர்ப்புற நலவாழ்வு மையம். மருத்துவ ஆலோசனை இலவசம். தேவைப்பட்டால் அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ பரிந்துரைப்பார்கள்.
• வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச, இ-சஞ்சீவனி செயலி. கைபேசி எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. மூலம் உள்நுழையலாம். காணொலி வழி ஆலோசனை இலவசம்.
• சந்தேகம் கேட்க, 104 மருத்துவ உதவி எண்.
• அவசரத்துக்கு, 108 ஆம்புலன்ஸ்.
• வீட்டில் பெரியவர்களுக்கு பி.பி. பார்க்க, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள் வரும்போது கேளுங்கள்.

போகும்போது ஒரு மாதக் குறிப்பும், இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் கையில் இருக்கட்டும். கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்துத்தான், மறைக்காதீங்க. ஓ.பி. வரிசையில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். “அடிக்கடி தலை வலிக்குது டாக்டர்” என்பதைவிட, “30 நாளில் 18 நாள் வலி, 16 நாள் மாத்திரை” என்று சொன்னால் அந்தச் சில நிமிடமும் முழுதாகப் பயன்படும்.

அம்மாவுக்கு மைக்ரேன் போய்விடவில்லை. இன்னும் வருகிறது. ஆனால் போன மாதக் காலண்டரில் ‘த’ ஐந்து, ‘மா’ நான்கு. பால் கணக்கோடு சேர்த்து அவரே எண்ணிச் சொன்னார்.

நீங்களும் இன்றைக்கே தொடங்குங்க. உங்களுக்குத் தலைவலி இல்லையென்றால், வீட்டில் அடிக்கடி விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பவர் யார் என்று பார்த்து, அவருக்காகத் தொடங்குங்க.